கோதுமையும் பாலும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்: 9 வயது மகளுக்கு என்ன சமைப்பது?

மீனா_மதுரை

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயது. கொஞ்ச காலமாகவே வயசுக்கேற்ற வளர்த்தி இல்லை. ரத்தசோகைக்கு டானிக் மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை. சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். குழந்தைகள் குடல் மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் செய்த பிறகு சீலியாக் நோய் என்று உறுதி செய்திருக்கிறார்கள். கோதுமை மாதிரி தானியங்களில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்குகிற நோயாம்.

கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றும் ஆயுசுக்கும் கூடாதாம். குடல் புண்ணாகி இருப்பதால் பாலும் சில மாதங்களுக்கு வேண்டாம் என்கிறார்கள். மருத்துவமனையில் கொடுத்த பட்டியலில் குளூட்டன் இல்லாத பாஸ்தா, கினோவா, பாதாம் பால் என்று போட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் தினம் என்ன சமைப்பது? எங்கள் வீட்டில் ராத்திரி சப்பாத்திதான். மகளுக்குக் காலையில் மால்ட் போட்ட பால், மதியம் தயிர் சாதம். முட்டை சாப்பிடுவோம், கறி மீன் பழக்கமில்லை.

என் பயமெல்லாம் இரண்டுதான். கால்சியத்துக்கு என்ன வழி? பள்ளிக்கூடத்திலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் இவளை எப்படிக் காப்பாற்றுவது?

அகத்தி_ஆச்சி (திருநெல்வேலி)

மீனா தாயி, கவலைப்படாதே. அந்தப் பட்டியலை ஓரமாக வை. நம் ஊர் அடுப்படியில் கோதுமை எப்போது வந்தது? என் அம்மா காலத்தில் பூரி என்றால் அது விருந்தாளி வந்த நாள். இட்லி, தோசை, ஆப்பம், இடியாப்பம், புட்டு, அடை, பணியாரம், கொழுக்கட்டை, கூழ், களி, சோறு, குழம்பு, கூட்டு, பொரியல், அவியல் எதிலாவது கோதுமை இருக்கிறதா? தயிரையும் மோரையும் விட்டால் பாலும் இல்லை. அவியலுக்குத் தயிருக்குப் பதில் கொஞ்சம் புளியோ மாங்காயோ போதும்.

பெண்பிள்ளை என்கிறாய். வாரம் இரண்டு நாள் உளுந்தங்களி கிண்டிக் கொடு. தோலோடு இருக்கிற கறுப்பு உளுந்தை வாசம் வர வறுத்து, நாலுக்கு ஒரு பங்கு அரிசி சேர்த்து மாவாக்கிக்கொள். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, கட்டி விழாமல் மாவைக் கரைத்து ஊற்றிக் கிண்டு. நல்லெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே இரு. களி சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்து, ஓரத்தில் எண்ணெய் கக்கும்போது இறக்கு. கை நனைத்துத் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். பாலும் இல்லை, கோதுமையும் இல்லை, பிள்ளைக்குத் தெம்பு.

கொங்குத்_தம்பி (ஈரோடு)

மீனா அக்கா, எனக்கும் இதே நோய்தான். கல்லூரிக் காலத்தில் கண்டுபிடித்தார்கள். ஆச்சி சொன்னது அத்தனையும் சரி, நம் சாப்பாட்டில் முக்கால்வாசி இந்த நோய்க்கு ஏற்றதே. ஆனால் நம்மை மாட்டிவிடுவது கண்ணுக்குத் தெரிகிற சப்பாத்தி இல்லை, கண்ணுக்குத் தெரியாத கோதுமை.

முதலில் பெருங்காயம். கடையில் விற்கிற கட்டிப் பெருங்காயமும் தூளும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவும் கோந்தும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், மைதா என்றோ கோதுமை மாவு என்றோ இருக்கும். போடுவது ஒரு சிட்டிகைதான். ஆனால் சாம்பார், ரசம், இட்லிப் பொடி, ஊறுகாய், வடகம், அப்பளம், முறுக்கு என்று நாள் முழுக்க அது உள்ளே போகும். சப்பாத்தியை விட்டுவிட்டோம், இன்னும் ஏன் ரத்தப் பரிசோதனை அளவு இறங்கவில்லை என்று தவிக்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் விடை அந்த மஞ்சள் டப்பாவில்தான் இருக்கிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் இப்போது கிடைக்கிறது, லேபிளைப் படித்து வாங்குங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பூண்டும் சீரகமும் தூக்கலாகப் போட்டால் ரசம் நன்றாகவே இருக்கும்.

அப்புறம் ரவை, சேமியா, சம்பா ரவை, மைதா எல்லாமே கோதுமைதான். ரவா தோசை, ரவா லட்டு, சேமியா பாயசம் ஆகாது. ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கில் செய்வது, தாராளமாகச் சேர்க்கலாம். அரிசி சேமியா ஆகும், பாக்கெட்டில் கோதுமை கலந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் சத்து மாவில் கோதுமையும் பார்லியும் இருக்கும். மால்ட் என்றாலே பெரும்பாலும் பார்லி, அதனால் மகள் காலையில் குடிக்கிற அந்தப் பானத்தையும் நிறுத்த வேண்டும். சோயா சாஸ் கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தது, ஆகவே தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸும் போச்சு.

இயற்கை_விவசாயி

ஒரு கருத்து. பிரச்சினை எல்லாம் இந்தக் குட்டை ரக, வெளிநாட்டுக் கோதுமையால் வந்தது. நம்முடைய சம்பா கோதுமை பழைய ரகம். அதைக் கொடுத்துப் பாருங்கள், ஒன்றும் செய்யாது.

சத்துக்கணக்கு (கோவை, உணவியல் ஆலோசகர்)

ஐயா, தயவுசெய்து இந்த இழையில் அப்படிச் சொல்லாதீர்கள். சம்பா கோதுமை பழைய ரகம் என்பது உண்மை. அதன் ருசியும் நார்ச்சத்தும் நல்லது என்பதும் உண்மை. ஆனால் அதுவும் கோதுமை இனம்தான், அதிலும் குளூட்டன் இருக்கிறது. சீலியாக் உள்ள குழந்தைக்கு அது ஆகவே ஆகாது. புளிக்கவைத்த ரொட்டி, முளைகட்டிய கோதுமை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். இது ஒவ்வாமை போலச் சாப்பிட்டவுடன் தடித்து அரித்துக் காட்டிக்கொடுக்காது. குழந்தை சாப்பிடும், சிரிக்கும், விளையாடும். உள்ளே சிறுகுடலில் சத்தை உறிஞ்சுகிற, விரல் மாதிரி நுண்ணிய உறிஞ்சிகள் மழுங்கிக்கொண்டே போகும்.

மீனா, டானிக் ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் காரணம் அங்கேதான். இரும்புச்சத்தை உறிஞ்சுவது முன்சிறுகுடல். இந்த நோய் முதலில் தாக்குவதும் அதையே. கோதுமை நின்று குடல் ஆறினால், அதே டானிக் இப்போது பிடிக்கத் தொடங்கும்.

எவ்வளவு சின்ன அளவு கெடுதல் என்று கேட்பீர்கள். தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் சுவர் பாதிக்கப்படுவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்று வைத்துக்கொண்டால், அது வெறும் அரை கிராம் மைதா. கொங்குத் தம்பி பெருங்காயத்தை முதலில் சொன்னது அதனால்தான்.

ராஜா_திருச்சி

நல்ல இழை. எனக்கும் சப்பாத்தி சாப்பிட்டால் வயிறு உப்புசம். நானாகவே கோதுமையை நிறுத்திவிட்டேன், இப்போது பரவாயில்லை. அப்போ எனக்கும் இந்த நோய்தானோ?

சத்துக்கணக்கு

ராஜா, இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெறும் உப்புசத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் இதைப் படிக்கிற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: பரிசோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். டி.டி.ஜி. என்கிற ரத்தப் பரிசோதனை, குளூட்டன் தூண்டிவிட்டு உடம்பு தன் சொந்த நொதி ஒன்றுக்கே எதிராகக் கிளப்பும் எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. சாப்பாட்டிலிருந்து குளூட்டன் போய்விட்டால் அந்த அளவு இறங்கிவிடும், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத் துணுக்கும் அப்படியே ஆறிப்போய்த் தெரியும். நீங்கள் மருத்துவரிடம் நிறுத்திவிட்ட விஷயத்தைச் சொல்லுங்கள். எவ்வளவு நாள் மறுபடி சாப்பிட்டுவிட்டுச் சோதிப்பது என்று அவர் முடிவு செய்வார்.

மீனா, உங்கள் கணவருக்கும் உங்களுக்கும், இன்னொரு குழந்தை இருந்தால் அதற்கும் இந்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஒருவருக்கு இருந்தால் பெற்றோர், உடன்பிறந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இருக்க வாய்ப்புண்டு. சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

பழைய_அறிவியல்_வாத்தியார்

இந்த நோயை வடநாட்டு நோய் என்று சொல்லி நம் பக்கத்து மருத்துவர்களே கொஞ்ச காலம் தேடாமல் விட்டார்கள். 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நாட்டின் மூன்று பகுதிகளில் ஆயிரக்கணக்கானவர்களைச் சோதித்தது. நோய் இருந்தது வடக்கே 1.23 சதவீதம் பேருக்கு, வடகிழக்கில் 0.87, தெற்கே 0.10. ஆனால் இந்த நோய்க்கு இடம்கொடுக்கிற மரபணு மூன்று பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இருந்தது. வேறுபட்டது தட்டு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். நம் வீடுகளில் ராத்திரி சப்பாத்தியும், பையன்களுக்குப் புரோட்டாவும், காலையில் ரொட்டியும் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தால் இந்தக் கணக்கு எனக்குக் கவலை தருகிறது.

கோதுமைதான் காரணம் என்று கண்ட கதையையும் சொல்கிறேன். டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, இரண்டாம் உலகப் போர் முடிகிற சமயம், 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில், ரொட்டியே கிடைக்காத நாட்களில் தன் சீலியாக் குழந்தைகள் தேறுவதைக் கவனித்தார். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. முன்பிருந்தே கோதுமை மேல் அவருக்குச் சந்தேகம் இருந்தது. 1950-இல் அதை ஆய்வேடாகவே எழுதினார். அதற்கு முன்னால் அமெரிக்காவில் 1924 முதல் ஹாஸ் என்ற மருத்துவர் இந்தக் குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவு கொடுத்துக் காப்பாற்றி வந்தார். புகழெல்லாம் வாழைப்பழத்துக்குப் போனது. காப்பாற்றியது அவர் ரொட்டியை நிறுத்தியதுதான்.

மீனா_மதுரை

படிக்கப் படிக்கத் தைரியம் வருகிறது. பெருங்காயத்தை இப்போதே எடுத்துப் பார்த்தேன், மைதா என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது.

பால் விஷயம் சொல்லுங்களேன். தயிர், நெய் எல்லாமே கூடாதா? கால்சியம்?

சத்துக்கணக்கு

முதலில் உங்கள் மருத்துவர் பாலை எதற்காக நிறுத்தினார் என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வேறு காரணங்கள் உண்டு. பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, குடல் உறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. உறிஞ்சி மழுங்கினால் நொதியும் குறையும். பால் குடித்தால் வயிறு கடமுடா என்று போகும். உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் இதுதான். இது தற்காலிகம், குடல் ஆறினால் பால் திரும்பும். இந்த வகையில் நெய் பிரச்சினை இல்லை, புளித்த தயிரில் லாக்டோஸ் குறைவு. மருத்துவர் சரி என்றால் முதலில் திரும்ப வருவது தயிராகத்தான் இருக்கும்.

இன்னொன்று பால் புரத ஒவ்வாமை. அதில் ஒரு சொட்டுத் தயிரும் கூடாது, நெய்யில் தங்கியிருக்கும் மிச்சம்கூடச் சிலருக்கு ஆகாது. பசும்பாலுக்குப் பதில் ஆட்டுப்பால் கொடுக்கலாம் என்பதும் தவறு, புரதம் ஒன்றுக்கொன்று ரொம்ப நெருக்கம். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரோ சொன்னதைக் கேட்டு நடக்கக் கூடாது.

இப்போது கணக்கு. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 பரிந்துரைப்படி 7 முதல் 9 வயதுவரை நாளொன்றுக்கு 650 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். 10 வயது ஆனதும் 850. பால் 100 மில்லியில் ஏறக்குறைய 120. கேழ்வரகு 100 கிராமில் 350 சொச்சம். இரண்டு கேழ்வரகு தோசைக்கு 50 கிராம் மாவு ஆகும் என்றால் அதில் 170 வந்துவிடும். முருங்கைக்கீரை 100 கிராமில் 300-க்கு மேல், அகத்திக்கீரையில் அதைவிட இரண்டு மூன்று மடங்கு. தோலோடு கூடிய எள் ஒரு மேசைக்கரண்டியில் 100 தேறும். ஆனால் எள்ளிலும் சில கீரைகளிலும் உள்ள ஆக்சலேட் உறிஞ்சுவதைக் குறைக்கும். அதனால் காகிதத்தில் இருக்கிற எண் அப்படியே உடம்பில் சேராது. அதோடு குடலும் இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்த மாதங்களில் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரையைச் சாப்பாடு நன்றாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். கால்சியம் மாத்திரையும் இரும்புச்சத்தும் ஒரே வேளையில் வேண்டாம், நடுவில் இரண்டு மணி நேரமாவது விடுங்கள். இரும்புச்சத்தோடு நெல்லிக்காய், எலுமிச்சை மாதிரி ஏதாவது சேரட்டும். காப்பி, தேநீர் வேண்டாம்.

கறி மீன் இல்லை, பாலும் இல்லை என்றால் வைட்டமின் பி12 எங்கிருந்து வரும் என்பதும் கேள்வி. செடியிலிருந்து வரும் உணவில் அது கிடைக்காது. உங்களுக்கு மிஞ்சியது முட்டை மட்டும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆச்சிக்கு ஒரு வார்த்தை: கூழ், களி எல்லாம் நல்லதுதான், ஆனால் புண்ணான குடலுக்கு முதல் சில வாரம் குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், பாசிப்பருப்பு போதும். நார் அதிகமான சிறுதானியங்களை மெல்ல மெல்லக் கூட்டலாம்.

அகத்தி_ஆச்சி

சரிதான் தாயி, அப்படியே செய்யட்டும். தயிர் சாதத்துக்குப் பதில்: வெயில் காலத்தில் பழைய சோற்றை நீராகாரத்தோடு பிசைந்து சின்ன வெங்காயம் வைத்துக் கொடு. பள்ளிக்குத் தேங்காய்ச் சாதம், எள்ளுச் சாதம், எலுமிச்சைச் சாதம், வேர்க்கடலை வறுத்துப் போட்ட புளிச்சாதம். காலைப் பாலுக்குப் பதில் கேழ்வரகுக் கூழில் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் விட்டுக் கொடு. பிள்ளைக்கு ருசி பிடித்துவிடும்.

சத்துக்கணக்கு

ருசிக்குத் தேங்காய்ப் பால் அருமை. ஆனால் அதில் கால்சியம் ரொம்பக் குறைவு, புரதமும் குறைவு. வெள்ளையாக இருப்பதால் பாலுக்கு ஈடு என்று கணக்கில் வைத்துவிடக் கூடாது. அந்தக் கூழில் கால்சியம் கொடுப்பது கேழ்வரகு.

வடமராட்சி_வாசன் (டொராண்டோ)

அக்கா, நாங்கள் யாழ்ப்பாணம். என் மூத்த மகளுக்கும் இதே நோய்தான், இங்கே கனடாவில் பிடித்தது. எங்கட ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிட்டும் இடியப்பமும் அரிசிமா என்று நினைத்துச் சாப்பிடாதேங்கோ. வீட்டிலயும் கடையிலயும் அரிசிமாவோடு அவித்த கோதுமைமா கலக்கிற பழக்கம் எங்களுக்கு நல்லாய் ஊறிப்போச்சு. கலந்தால் பிட்டு மிருதுவாய் வரும், இடியப்பம் உடையாது. ஆகவே இலங்கைத் தமிழர் கடையில் வாங்குமுன் கட்டாயம் கேளுங்கோ. நாங்கள் தனிச் சிவப்பரிசிமாவை நன்றாக வறுத்து, கொதிநீர் விட்டுக் குழைத்து அவிக்கிறோம், குறையில்லை.

பாலை நிறுத்தின ஆட்களுக்குச் சொதி பெரிய உதவி. வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டுத் தேங்காயின் இரண்டாம் பாலில் அவியவிட்டு, கடைசியில் முதற்பாலைச் சேர்த்து ஒரு கொதிக்கு முன்னமே இறக்கித் தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விடுங்கோ. இடியப்பத்துக்கு மாட்டுப்பால் ஒரு துளியும் தேவையில்லை. ஒடியல் மா கிடைத்தால் பிட்டவிக்கலாம், அது பனங்கிழங்கு, கோதுமைக்குச் சம்பந்தமே இல்லை.

மீனா_மதுரை

நன்றி அண்ணா. ஒரு சந்தேகம் எல்லோருக்கும். கேழ்வரகு, அரிசி மாவு எல்லாம் தெருமுனை மாவு மில்லில்தான் அரைக்கிறேன். அது சரிதானே?

கொங்குத்_தம்பி

அக்கா, இதைக் கேட்டீர்களே, ரொம்ப நல்லது. சரியில்லை. எனக்கு முன்னால் யாராவது ஐந்து கிலோ கோதுமை அரைத்துவிட்டுப் போயிருப்பார்கள். கல்லிலும் புனலிலும், வாயில் கட்டியிருக்கிற துணிப் பையிலும் கோதுமை மாவு படிந்திருக்கும். மில்காரர் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டிவிட்டு “சுத்தமாயிடுச்சு” என்பார், நமக்கு அது போதாது. சில ஊரில் கோதுமைக்குத் தனி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து இயந்திரத்திலிருந்து பறக்கும் மாவு காற்றிலேயே இருக்கும்.

நான் செய்வது இதுதான். கேழ்வரகை முழுசாக வாங்கிப் புடைத்து, கோதுமை மணி ஏதாவது கலந்திருந்தால் பொறுக்கிவிட்டு, மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, நிழலில் துணியில் உலர்த்தி, வீட்டு மிக்சியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன். தோசைக்கு என்றால் ஊறவைத்து கிரைண்டரிலேயே ஆட்டிவிடுவேன், மாவே தேவையில்லை. பாக்கெட் மாவு வாங்கினால் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட்டதாக வாங்குங்கள். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, அப்படி எழுதினால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஓட்ஸுக்கும் இதே விதி. ஓட்ஸ் வேறு தானியம்தான், ஆனால் சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்தே வரும். அந்த அச்சு இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் மற்றவர்கள் சப்பாத்தி சாப்பிட்டால் தோசைக்கல், சல்லடை, பூரிக்கட்டை, மரக்கரண்டி நான்கும் மகளுக்குத் தனியாக வேண்டும். சப்பாத்தி சுட்ட கல்லில் அவள் தோசை வேண்டாம். பூரி பொரித்த எண்ணெயில் அவள் வடையும் வேண்டாம்.

மீனா_மதுரை

வீட்டில் எல்லோருமே ராத்திரி சப்பாத்தியை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவள் பார்த்து ஏங்க வேண்டாம். ஆனால் மாமனாருக்குச் சர்க்கரை நோய், சோறு வேண்டாம் என்பார். ரொட்டி மாதிரி ஏதாவது உண்டா?

கொங்குத்_தம்பி

சோள ரொட்டி, கம்பு ரொட்டி, கேழ்வரகு ரொட்டி. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் பிளந்துகொண்டுதான் வரும், ஏனென்றால் இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் இதில் இல்லை. தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து மாவைக் கொட்டி, கரண்டிக் காம்பால் கிளறி மூடிவையுங்கள். கை பொறுக்கிற சூடு வந்ததும் அழுத்திப் பிசையுங்கள். சூட்டில் மாவு வெந்து பசை விடும், அதுதான் பிடிப்பு. வாழையிலையில் எண்ணெய் தடவித் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து, இலை வாடியதும் உரித்தெடுங்கள். கேழ்வரகு என்றால் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் பிசையும்போதே சேர்க்கலாம்.

மாமனாருக்கு ஒன்று சொல்லுங்கள், சிறுதானியமும் மாவுச்சத்துதான். அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

அருள்_மேரி (நாகர்கோவில்)

என் தங்கை மகனுக்கு சீலியாக். பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்தது. சின்னத் துண்டுதானே என்று விட்டுவிடலாமா? பையன் புது நன்மைக்கு (முதல் முறை நற்கருணை வாங்குவதற்கு) தயாராகிறான், மனசு சங்கடமாக இருக்கிறது.

சத்துக்கணக்கு

சகோதரி, சாதாரண அப்பம் வேண்டாம். கத்தோலிக்கத் திருச்சபையில் குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்துக்கு அனுமதி உண்டு. முற்றிலும் குளூட்டன் நீக்கியதை அவர்கள் ஏற்பதில்லை. அப்பமே முடியாதவர்கள் திராட்சை ரசத்தை மட்டும் வாங்கினாலும் அது முழு நற்கருணைதான். பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். மற்ற அப்பங்களோடு கலக்காத தனிப் பாத்திரம் வைக்கச் சொல்லுங்கள், ரசம் என்றால் அப்பத் துண்டு போடாத தனிக் கிண்ணம். குறைந்த குளூட்டன் அப்பம் பையனுக்கு ஆகுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

ஒன்றாம்_வகுப்பு_டீச்சர்

பள்ளிக்கூடம் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. மீனா அம்மா, வகுப்பாசிரியரிடம் வாயால் சொன்னால் போதாது, ஒரு தாளில் எழுதி மருத்துவர் சீட்டின் நகலோடு கொடுங்கள். எங்களுக்கு 40 பிள்ளைகள், ஆசிரியரும் மாறுவார். பிறந்தநாள் கேக், பிஸ்கட், பங்கு போட்டுக்கொள்ளும் டிபன் பாக்ஸ் இவை எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது கைவேலை வகுப்பு. படம் ஒட்ட மைதாப் பசை காய்ச்சுவோம், பொம்மை செய்யக் கோதுமை மாவு பிசைந்து கொடுப்போம். தொடுவதால் ஒன்றும் ஆகாது, ஆனால் அதே கையை வாயில் வைப்பார்கள். மகளுக்குக் கடைப் பசையைக் கொடுத்து அனுப்புங்கள், கைவேலை முடிந்ததும் கை கழுவச் சொல்லிப் பழக்குங்கள். கேக் வெட்டுகிற நாளில் அவள் மட்டும் சும்மா உட்காராமல் இருக்க, ஆசிரியர் மேசையில் ஒரு டப்பா கடலை மிட்டாய் வைத்துவிடுங்கள். நான் என் வகுப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மற்ற பிள்ளைகளும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ராஜா_திருச்சி

தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

அகத்தி_ஆச்சி

எங்கள் ஊர் அல்வா கோதுமைப் பால் எடுத்துச் செய்வது, அது ஆகாது, மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். பாதுஷா, ஜிலேபி, குலாப் ஜாமூன், சோன்பப்டி எல்லாவற்றிலும் மைதா சேரும். அதிரசம் பச்சரிசியும் வெல்லமும். எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொரி உருண்டை, தேங்காய் பர்பி பாலில்லாமல். ஜாங்கிரி உளுந்து என்றாலும் கடையில் வாங்காதே, அதே சட்டியில் எதைப் பொரித்தார்களோ. பொருள்விளங்கா உருண்டையில் சில வீட்டில் கோதுமையும் வறுத்துப் போடுவார்கள், கேட்டுக்கொள். முறுக்கு, தட்டை, சீடை பெருங்காயம் போடாமல் வீட்டில் சுடு, சீரகமும் எள்ளும் மணக்கட்டும்.

மீனா_மதுரை

அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். மூன்று வேளையும் மண்டபத்தில்தான். இவளை வீட்டில் விட்டுவிட்டுப் போக மனசில்லை.

கொங்குத்_தம்பி

கூட்டிக்கொண்டு போங்கள் அக்கா. முதல் நாளே சமையல் மாஸ்டரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். விருந்தாளிகளிடம் கேட்டால் “ஒண்ணும் ஆகாது, கொஞ்சம் சாப்பிடட்டும்” என்பார்கள். சமையல்காரருக்கு விஷயம் புரிந்துவிட்டால் அவர்தான் நமக்குக் காவல். “குழந்தைக்குக் கோதுமை விஷம் மாதிரி, பெருங்காயத்திலும் இருக்கிறது” என்று நேராகச் சொல்லுங்கள். காலையில் இட்லி. பொங்கல் வேண்டாம், அதில் பெருங்காயமும் ரவையும் போடுகிறவர்கள் உண்டு. சட்னியைத் தாளிக்கும் முன் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். மதியத்துக்குச் சோறு அண்டாவிலிருந்து முதலிலேயே ஒரு பாத்திரத்தில் தனியாக. வெந்த பருப்பை சாம்பாருக்குக் கொட்டும் முன் ஒரு கிண்ணம். சாம்பார் பொடியும் ரசப் பொடியும் நீங்களே அரைத்து, ஒரு சின்னத் தூக்கில் குழம்பும் ஒரு பொரியலும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். பந்தியில் எல்லோரோடும் இலை போட்டு உட்காரட்டும், ஆனால் பரிமாறுகிறவர் வரும் முன் நீங்கள் அவளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பூரி தொட்ட கை சோற்றைத் தொடும், ஜிலேபிக் கரண்டி பொரியலுக்குப் போகும். ராத்திரி டிபனில் பெரும்பாலும் எல்லாமே மைதாவும் ரவையும்தான், அதற்கு இடியாப்பம் கட்டிக்கொண்டு போய்விடுங்கள்.